மேற்படி கூச்சல்

தறியக்காவின் கைகள் அப்போது ஈரம் சொட்டும் ஒரு படுக்கை விரிப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. விரிப்பின் ஒரு முனை தண்ணீர்க் குழாயைச் சுற்றி மாட்டியிருந்தது, மறுமுனை அவள் கையில். இரண்டு பேர் நின்று பிழிய வேண்டியதைக் குழாயையே இன்னொரு ஆளாக்கிப் பிழிவது அவள் கண்டுபிடித்த வழி. பக்கத்தில் பெரிய சலவை இயந்திரம் தரை அதிர ஓடிக்கொண்டிருந்தது. மணி ஆறு பத்து. திடீரென்று விரிப்பை அப்படியே தொட்டியில் விட்டாள், கையைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள், போய் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள்.

"என்னம்மா, கரண்டு போச்சா?" என்றார் சலவைக்காரர்.

"கரண்டு போகல. மேல யாரோ அலறுறாங்க."

"அட, அதுவா! அது டைப்பிஸ்ட் அம்மா. தினமும் இந்த நேரத்துக்குக் கூச்சல் போடும். கடிகாரத்தைத் திருத்தி வச்சுக்கலாம், அவ்வளவு கரெக்ட்."

"தினமுமா?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா நீங்க மெஷினை நிறுத்தவே இல்லையா?"

சலவைக்காரர் சிரித்தார். மேலே ஒரு கிழவி சத்தம் போட்டால் கீழே துணி துவைக்கும் இயந்திரத்தை எதற்காக நிறுத்த வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் குற்றம் சொல்லப்பட வேண்டியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் உண்டு.

நடக்க முடியாத முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில், பெண்கள் தங்கும் மாடியின் மருந்து அறை என் பொறுப்பில் இருந்தது. நோயாளியைப் புரட்டுவது, தூக்குவது, புண் வராமல் காப்பது எல்லாம் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். தறியக்காவும் அதே படிப்பைப் படித்தவள்தான், ஆனால் நாற்பத்தைந்து வயதுக்கு மேல். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தாள். பெயரும் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.

விசைத்தறிக் கூடத்துக்குள் போயிருக்கிறீர்களா? நான் ஒரு முறை போனேன், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். நாற்பது தறி ஒரே கூரையின் கீழ் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பதுதான் தெரியும், பேச்சு கேட்காது. அங்கே இருபத்திரண்டு வருடம் பேசிய தொண்டை வெளியே வந்த பிறகு சின்னதாகிவிடுமா? தறியக்கா "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்த்து "வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் கணவர் தையற்காரர், வாயில் குண்டூசியைக் கடித்தபடியே பேசுபவர். "அவரு பேசினா எனக்குக் கேக்காது, நான் பேசினா ஊருக்கே கேக்கும். அதனால எங்க வீட்டுல சண்டையே கிடையாதுக்கா. ஒருத்தர்தானே சண்டை போட முடியும்?" என்பாள்.

அந்தக் கூடத்தைப் பற்றி அவளுக்கு ஏக்கம் எதுவும் இல்லை. "இடது காதைத் தின்னுடுச்சு, மூச்சுல பஞ்சை அடைச்சு அனுப்புச்சு. ஒழிஞ்சது சனியன்" என்றுதான் சொல்வாள். ஆனால் அங்கே இருந்த ஒரு வழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை. கூடத்தின் நடுத்தூணில் மெயின் சுவிட்ச் இருக்கும். யாராவது அலறினால், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் கைப்பிடியை இழுத்துவிட வேண்டும். யார் அலறியது, ஏன் அலறியது, உண்மையா பொய்யா என்று எதையும் முதலில் கேட்கக் கூடாது. நாற்பது தறியும் நிற்கும், அப்புறம்தான் விசாரணை. ஒரு முறை ஒருத்தி பாம்பென்று கயிற்றைப் பார்த்து அலறி, தறியக்கா சுவிட்சை இழுத்து, முதலாளி வந்து குதித்தாராம். "பத்து தடவை சும்மா நிறுத்துறேன் சார், பரவாயில்ல. ஒரு தடவை நிறுத்தாம விட்டா பொண்ணோட தலைமுடி பெல்ட்டுல போயிடும்" என்றாளாம். அப்படி முடி போன ஒருத்தியை அவள் பார்த்திருக்கிறாள்.

அவ்வளவு இரைச்சலில் அலறல் எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்கிறேன்.

"கூச்சல் நீளமா இருக்கும்க்கா. ஏறும், எறங்கும், நம்ம யாராவது பாக்குறாங்களான்னு பாத்துட்டு இன்னும் கொஞ்சம் ஏறும். வலியில வர்ற அலறல் அப்படி இருக்காது. கத்தரியால வெட்டின மாதிரி பட்டுனு நின்னுடும். மூச்சே போயிடும் இல்ல, அப்புறம் எங்கேருந்து சத்தம் வரும்?"

அன்றைக்குச் சலவை இயந்திரத்தைத் தாண்டி அவள் காதில் விழுந்தது அப்படிப் பட்டென்று நின்ற சத்தம்.

அவள் ஏன் சலவை அறையில் இருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஆண்கள் பகுதியில் நல்லபடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். ஒருவரைப் பார்க்க வந்த உறவினர், "அந்தம்மா ஒரே கூச்சல்" என்று புகார் கொடுத்தார். சூப்பர்வைசர் உடனே அவளைக் கீழே துணி துவைக்க அனுப்பிவிட்டார். காது கேளாத ஏழு கிழவர்களுக்கு அந்த இல்லத்தில் புரியும்படி பேசிய ஒரே ஆள் அவள்தான். அதை யாரும் புகாருக்குப் பக்கத்தில் எழுதிவைக்கவில்லை. சலவை அறைக்கு அவள் வந்து அன்றோடு இரண்டாம் நாள்; முதல் நாள் வந்ததே மதியத்துக்கு மேல். பெண்கள் மாடி அதற்கு நேர் மேலே.

அவள் படியேறி வந்தபோது மாடியில் எல்லாம் அமைதியாக இருந்தது. டைப்பிஸ்ட் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இரண்டு ஆயாக்களும் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா ஒரு நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. எதிரில் இருப்பவர் சொல்வது அவருக்குப் புரியும், பதில்தான் வராது. வருவதெல்லாம் 'ஆ' என்ற ஒரு சத்தம். பசிக்கும் அதுதான், தாகத்துக்கும் அதுதான். அன்று அவர் நெற்றியெல்லாம் வியர்வை. இடது கையால் வலது முழங்கையை உடம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்னடி ஆச்சு இவங்களுக்கு?" என்று தறியக்கா ஒரு ஆயாவைக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலக்கா. தூக்குறப்ப ஒரு கூச்சல் போடுவாங்க. நாங்க நகர்ந்தா தானா நிறுத்திடுவாங்க. பாரு, இப்ப நிறுத்திட்டாங்கல்ல? எல்லாம் நடிப்பு. ஆள் வேணும்னு."

பாருங்கள் இந்த நியாயத்தை! சத்தம் நின்றதால் அது பொய்யாம். தொடர்ந்து போட்டிருந்தால் தொல்லை என்று எழுதியிருப்பார்கள். பேச்சு இழந்த ஒரு மனுஷி எவ்வளவு நேரம், எந்த அளவில் சத்தம் போட்டால் நம்புவார்கள் என்று யாராவது அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

தறியக்கா நேராக என் மருந்து அறைக்கு வந்தாள். "அக்கா, அந்தப் புத்தகத்தைக் குடுங்க."

ஒவ்வொருவருக்கும் ஒரு தினக்குறிப்புப் புத்தகம் உண்டு. சாப்பாடு, மலம், சிறுநீர், தூக்கம் என்று கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'சத்தம்'. அடுத்த அறைக்காரர்கள் புகார் சொன்னால் பதில் சொல்வதற்காகச் சூப்பர்வைசர் சேர்த்த கட்டம் அது. டைப்பிஸ்ட் அம்மாவின் புத்தகத்தில் பத்து நாளுக்கு முன்னால் யாரோ ஒருத்தி அந்தக் கட்டத்தில் 'காலையில் கூச்சல் போட்டார்' என்று எழுதியிருந்தாள். அடுத்த நாள் வந்தவள் அதையே எழுதச் சோம்பல்பட்டு 'மேற்படி' என்று போட்டாள். அதற்கு அடுத்த நாளும் மேற்படி. அப்படியே பத்து மேற்படி, ஒன்றன் கீழ் ஒன்றாக, படிக்கட்டு மாதிரி. எட்டாவது மேற்படி என் கையெழுத்து. அன்று ஒரு ஆயா வரவில்லை, நான்தான் புத்தகங்களை நிரப்பினேன். டைப்பிஸ்ட் அம்மாவின் கட்டில் பக்கம் போகாமலே, மேலே இருந்ததைப் பார்த்துக் கீழே போட்டேன். முப்பத்தெட்டு வருட அனுபவம்!

தறியக்காவுக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாக மேலேறி, உச்சியில் இருந்த சொல்லைக் கண்டுபிடித்தாள்.

"கூச்சல்னு யாருக்கா எழுதினது?"

"முதல் நாள் வேலை பார்த்தவ."

"அவ பாத்தாளா, கேட்டாளா?"

அந்தக் கேள்வி இன்றுவரை என் காதில் இருக்கிறது. ஏனென்றால் 'கூச்சல்' கேட்டவர் எழுதும் சொல். கேட்டவருக்கு எரிச்சலாக இருந்தது என்பதைத் தவிர அதில் வேறு செய்தி கிடையாது. சத்தம் போட்டவருக்குப் பசியா, பயமா, எலும்பு முறிந்ததா என்று அந்தச் சொல்லைப் பிழிந்தாலும் ஒரு சொட்டுக்கூட வராது. அழுகை என்றால் துக்கம் இருக்கிறது என்று தெரியும். முனகல் என்றால் உடம்புக்கு முடியவில்லை. கூப்பாடு என்றால்கூட யாரையோ கூப்பிடுகிறார் என்ற அளவுக்கு மரியாதை உண்டு. கூச்சலுக்கு அந்த மரியாதையும் இல்லை. சந்தையில் கூச்சல், பள்ளிக்கூடம் விட்டால் கூச்சல், குடித்தவன் கூச்சல். அதோடு எப்போதும் 'போட்டார்' என்று வேறு சேர்த்துக்கொள்கிறோம், அவரே எடுத்து வைத்திருந்து வேண்டுமென்றே போட்ட மாதிரி.

அந்தச் சொல்லை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். எங்கள் சூப்பர்வைசர் மாடிப்படியில் நின்று கத்தினால் கட்டடம் முழுக்கக் கேட்கும். அது 'எச்சரித்தார்'. பெரிய இடத்திலிருந்து வந்த மூன்றாம் கட்டில் அம்மாள் தேநீர் ஆறிவிட்டதென்று கோப்பையைத் தட்டி ஊரைக் கூட்டினால் அது 'அதிருப்தி தெரிவித்தார்'. நானே என் கையால் அப்படி எழுதியிருக்கிறேன். தறியக்கா பேசினால் கூச்சல். சமையலறைப் பெண்கள் சிரித்தால் கூச்சல். வாய் பேச முடியாதவர் வலியில் அலறினால் கூச்சல். அதன்பிறகு மேற்படி.

தறியக்கா சூப்பர்வைசரிடம் போனாள். அவர் அறை என் அறைக்கு எதிரில். கதவு திறந்தே இருந்தது, மூடியிருந்தாலும் கேட்டிருக்கும்.

"சார், டைப்பிஸ்ட் அம்மாவுக்கு எங்கேயோ அடிபட்டிருக்கு. டாக்டரை வரச் சொல்லுங்க."

"உன்னை எதுக்கும்மா கீழ அனுப்பினேன்? மேல சத்தம் குறையணும்னு. நீ இங்க வந்து நின்னு கத்துறே."

"நான் கத்தல சார். என் தொண்டையே இதுதான்."

"டாக்டர் நாளைக்கு வியாழக்கிழமை வழக்கம்போல வருவார். அமைதியா இருக்க மாத்திரை எழுதுவார். வெள்ளிக்கிழமை காலையில அவங்களைப் பின்னால இருக்கிற ரூமுக்கு மாத்துறோம். பையன் போன ஞாயித்துக்கிழமையே கையெழுத்து போட்டுட்டாரு. எல்லாம் முடிஞ்சாச்சு."

"பின் ரூமா? அங்க ஜெனரேட்டர் ஓடுமே சார்!"

"அதனாலதாம்மா. அவங்க போடுற சத்தம் நமக்குக் கேக்காது, அது போடுற சத்தம் மாத்திரை போட்டவங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் நிம்மதி." இதைச் சொல்லிவிட்டுத் தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சி அவரே சிரித்துக்கொண்டார்.

அந்தப் பின் அறையைப் பற்றி எனக்குத் தெரியும். அங்கே போனவர்களை ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் எட்டிப் பார்ப்பார்கள். மாத்திரையில் மயங்கிக் கிடப்பவர் சத்தம் போட மாட்டார். சத்தம் இல்லையென்றால் புத்தகத்தில் 'நலம்' என்று வரும். அதன் கீழே மேற்படி. உடம்பில் என்ன அடிபட்டிருந்தாலும் அது அங்கேயே கிடந்து கோணலாகக் கூடும், அல்லது கூடாமலே போகும். வியாழக்கிழமை டாக்டர் கையில் இருந்து அந்த மாத்திரைச் சீட்டு வந்துவிட்டால் அதோடு டைப்பிஸ்ட் அம்மாவின் கதை முடிந்தது. தறியக்காவிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப நாளைக்குக் காலையில நிறுத்தணும்" என்றாள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு முன்பே அவள் மாடிக்கு வந்து டைப்பிஸ்ட் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஆறு ஐந்துக்கு இரண்டு ஆயாக்களும் வந்தார்கள். ஏழு மணிக்குள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்கு அவர்கள் கண்ட குறுக்குவழி, ஆளுக்கொரு அக்குளில் கையைக் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி இழுத்துவிடுவது. அப்படித் தூக்கக் கூடாது என்று பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்போம். விழுந்துபோன கைக்குத் தோளைப் பிடித்துவைக்கும் சதையே இருக்காது. அதை இழுப்பது, தைத்த நூல் பிரிந்துபோன சட்டைக்கையை இழுப்பது மாதிரி. எல்லோருக்கும் தெரியும், நேரமில்லாததால் யாரும் செய்வதில்லை. நானும் பார்த்துவிட்டுப் பார்க்காதவள் போல இருந்திருக்கிறேன்.

ஒருத்தி வலது அக்குளை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். டைப்பிஸ்ட் அம்மாவின் கண் அந்தக் கை வரும் திசையிலேயே போனது.

"நிறுத்து" என்றாள் தறியக்கா. மாடி முழுக்க எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா, ஏழு மணிக்குள்ள பன்னெண்டு பேரு..."

"பதினோரு பேரை உக்கார வையி. இவங்க படுத்திருக்கட்டும்."

"சூப்பர்வைசர் திட்டுவாரு."

"என்னைத் திட்டச் சொல்லு. எனக்கு ஒரு காது கேக்காது, அந்தப் பக்கமா நின்னுக்கிறேன்."

சூப்பர்வைசர் வந்தார், திட்டினார். தறியக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மெயின் சுவிட்சை இழுத்து நிறுத்தியாச்சு சார். டாக்டர் வந்து பாக்குற வரைக்கும் இந்தக் கட்டில் மட்டும் ஓடாது."

"இன்னியோட உனக்கு இங்க வேலை இல்ல. புரியுதா?"

"புரியுது சார். பத்து மணிக்கு டாக்டர் வருவாரு. அது வரைக்கும் உக்காந்துட்டுப் போறேன். அதுக்குச் சம்பளம் வேணாம்."

நாலு மணி நேரம் அவள் அங்கிருந்து எழவில்லை. பால் அங்கேயே, கரண்டியால் கொடுத்தாள். மூன்றாம் கட்டில் அம்மாள் நாற்காலியில் இருந்தபடியே, "உன் குரலுக்கு மைக்கே வேணாம்டி, ஆனா நல்ல காரியம்தான் பண்றே" என்றார். அந்த அம்மாள் யாரையும் பாராட்டி நான் அதுவரை கேட்டதில்லை.

வியாழக்கிழமை டாக்டர் வேகமானவர். பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டேதான் மாடிப்படி ஏறுவார். வழக்கம்போலக் கட்டிலுக்கு வருவதற்கு முன்பே புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"கூச்சல்... மேற்படி, மேற்படி... பதினோரு நாளா? தூக்கத்துக்கு ஒண்ணு எழுதிடலாம்."

"டாக்டர், புத்தகத்தை மூடிட்டு ஆளைப் பாருங்க" என்றாள் தறியக்கா.

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. "யார் இது? இங்க பதினோரு நாள் பதினோரு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்காங்களே, எல்லாரும் தப்பா?"

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். வேறு வழியில்லை. "பதினோரு பேர் எழுதல டாக்டர். ஒருத்தி எழுதினா, மத்தவங்க பாத்து எழுதினோம். எட்டாவது மேற்படி என்னோடது. அன்னிக்கு நான் இவங்க பக்கத்துலயே போகல."

அவர் பேனாவை மூடினார். அந்த 'டக்' என்ற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் பத்து நாளாக வலது கையைச் சட்டைக்கைக்குள் நுழைக்காமல், உடம்போடு ஒட்டவைத்து மேலே சட்டையைப் போர்த்தியிருந்தார்கள். உடம்பு துடைக்கும்போதும் அந்தக் கையை விலக்குவதில்லை. விலக்கினால் கூச்சல் போடுவாராம்! கூச்சல் வந்த இடத்தைத்தான் முதலில் திறந்து பார்த்திருக்க வேண்டும். கூச்சல் வருகிறது என்பதற்காகவே அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

டாக்டர் அந்தக் கையை இரண்டு விரல் அகலம்தான் நகர்த்தியிருப்பார். சத்தம் வந்தது, வெட்டினாற்போல நின்றது. கையின் உள்பக்கம், அக்குளிலிருந்து முழங்கைவரை ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. காயத்தின் வயதை நிறம் சொல்லிவிடும். டாக்டர் யாரையும் பார்க்காமல், "இது பத்து நாளுக்கு மேல ஆனது" என்றார். ஆயாக்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது, மகனும் வந்தார். எக்ஸ்ரேயில் மேல்கை எலும்பின் தலைக்குக் கீழே விரிசல், தோள்மூட்டும் கிண்ணத்தை விட்டு இறங்கியிருந்தது. யார் எந்தக் காலையில் இழுத்த இழுப்பில் ஆனது என்பது யாருக்கும் தெரியாது. முதல் நாள் இழுப்பில் உடைந்திருக்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆறு பத்துக்கு உடைந்த கையைப் பிடித்தே இழுத்திருக்கிறோம் என்பது மட்டும் நிச்சயம்.

மாலையில் கைக்குத் தொட்டில் கட்டி, வலிக்கு மருந்து கொடுத்துக் கூட்டி வந்தார்கள். மகன் கட்டிலின் அருகே நின்று பேசினார். யாரிடம் பேசுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்மா வாழ்க்கையில உரக்கப் பேசினதே இல்லைங்க. எங்களைத் திட்டினாக்கூடப் பக்கத்து ரூமுக்குக் கேக்காது. கூச்சல் போடுறாங்கன்னு போன்ல சொன்னப்ப எனக்கு வெக்கமாயிடுச்சு. அதான் கையெழுத்து..."

"தம்பி," என்றாள் தறியக்கா, தன்னால் முடிந்தவரை மெதுவாக. வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "ஒரு நாளும் சத்தம் போடாத அம்மா சத்தம் போடுறாங்கன்னு சொன்னா, அன்னிக்கே ஓடி வந்து பாக்கணும். ஞாயித்துக்கிழமை வந்து கையெழுத்து போடக்கூடாது."

மகன் அழுதார். தறியக்கா அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலின் இடப்பக்கமாகப் போட்டாள். "இந்தப் பக்கம் உக்காருங்க. இந்தக் கையைப் பிடிக்கலாம், இது நல்லா இருக்கு" என்றாள். டைப்பிஸ்ட் அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். தூக்க மாத்திரையால் அல்ல, வலி குறைந்ததால். பதினோரு நாளுக்குப் பிறகு வந்த தூக்கம்.

சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள். மேலிடத்துக்கு அவர் எழுதிய அறிக்கை என் கையெழுத்துக்காக வந்தது, படித்தேன். 'பணியாளர்களின் தொடர் கண்காணிப்பால் பாதிப்பு கண்டறியப்பட்டது' என்று இருந்தது. தொடர் கண்காணிப்பு! பத்து மேற்படிக்கு அவர் வைத்த பெயர் அது. அதை மேசைமேல் திருப்பிப் போட்டுவிட்டு, "இதுல என் கையெழுத்து வராது. நடந்ததை நானே தனியா எழுதி, மகனுக்கு ஒண்ணு, மேலிடத்துக்கு ஒண்ணு அனுப்பிட்டேன். எட்டாவது மேற்படியையும் சேர்த்துத்தான்" என்றேன். அவர் அறிக்கையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். பிறகு தறியக்காவைக் கூப்பிட்டு, "சரி, நாளையிலேர்ந்து பெண்கள் மாடியிலேயே இரு. கொஞ்சம் மெதுவா பேசப் பழகிக்கோ" என்றார்.

"முயற்சி பண்றேன் சார்" என்றாள். கீழே சலவை அறையில் சலவைக்காரர் நிமிர்ந்து பார்த்ததாக அப்புறம் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை. டைப்பிஸ்ட் அம்மாவைப் பின் அறைக்குக் கொண்டுபோக வேண்டிய நாள். அந்த அறையின் சாவி ஆணியில் தொங்கியது, யாரும் தொடவில்லை. ஆறு மணிக்குத் தறியக்கா ஒரு விரிப்பை நீளவாக்கில் நான்காக மடித்தாள். டைப்பிஸ்ட் அம்மாவை இடப்பக்கமாகப் புரட்டி முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் அதைச் செலுத்தினாள். தொட்டிலில் இருந்த கையை மார்போடு தலையணை வைத்து அணைத்தாள். அந்தப் பக்கம் அவளும் ஒரு ஆயாவும், இந்தப் பக்கம் நானும் இன்னொரு ஆயாவும். விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தோம். "ஆளைத் தொடாதீங்க, துணியை மட்டும் தூக்குங்க" என்றாள். தூக்கினோம், நாற்காலியில் வைத்தோம். மணி ஆறு பத்து. ஒரு சத்தமும் இல்லை. ஆயாக்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அப்படியே மற்ற பதினோரு பேரையும் தூக்கினோம். முடிக்க ஏழே முக்கால் ஆனது. எந்தக் கட்டடமும் இடிந்து விழவில்லை.

இடையில் ஏழு பத்துக்கு டைப்பிஸ்ட் அம்மா 'ஆ' என்று ஒரு சத்தம் போட்டார், நீளமாக, ஏறி இறங்கி. தறியக்கா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து புத்தகத்தைக் கேட்டாள். புதுப் பக்கம் எடுத்து, கடைசிக் கட்டத்தின் தலைப்பில் 'சத்தம்' என்பதை அடித்துவிட்டு, 'எப்போது, எதற்கு, என்ன செய்தோம்' என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே அவள் நாக்கை ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி எழுதினாள்:

'7.10. பால் சூடு. கூப்பிட்டார். ஆற்றிக் கொடுத்தேன்.'